மேஜைக்கு விபூதி, கதவுக்குக் குங்குமம்

ஜெர்மனியில் விமானத்தைவிட்டு இறங்கியதும் ஓர் அதிகாரி மேஜையைத் தட்டிக் காட்டி, "இது ஆணா, பெண்ணா, ரெண்டும் இல்லாததா?" என்று கேட்பார், தப்பாகச் சொன்னால் வந்த விமானத்திலேயே ஏற்றித் திருப்பி அனுப்பிவிடுவார் என்று நான் நம்பினேன். ஏதோ ஒரு நாள் இரண்டு நாள் இல்லை. ஆறாம் வகுப்பு முடிந்த கோடை விடுமுறையில் நம்ப ஆரம்பித்து, அடுத்த பொங்கல் வரைக்கும் நம்பினேன். அந்த அதிகாரிக்கு ஒரு மீசையும், மேஜைமேல் ஒரு மணியும்கூட நானே கொடுத்திருந்தேன். தப்பான பதில் வந்தால் அவர் அந்த மணியை அடிப்பார்.

நம் கடற்கரைக் கோஷ்டியில் சிரிக்கிறவர்கள் சிரிக்கலாம். உங்களில் ஒருவர் புளியங்கொட்டையை விழுங்கிவிட்டு, வயிற்றில் மரம் வளர்ந்துவிடும் என்று பயந்து தண்ணீர் குடிக்காமல் கிடந்தவர். யாரென்று நான் இங்கே சொல்லப்போவதில்லை. அவருக்கே தெரியும்.

இதை இப்போது எழுதுவதற்குக் காரணமும் உங்களில் ஒருவர்தான். போன வாரம் கடற்கரையில் நடந்துவிட்டு வந்து டீ குடித்துக்கொண்டிருந்தோம். "பையன் மேல்படிப்புக்கு ஜெர்மனி போறான்ப்பா. ஃபோனை வெச்சுக்கிட்டு நாள் பூரா ஜெர்மன் படிக்கிறான். நாற்காலி ஆணா பெண்ணான்னு எங்கிட்ட கேக்கறான், நான் என்னத்தைக் கண்டேன்" என்றார். நான் டம்ளரைக் கீழே வைத்தேன். இத்தனை வயதுக்குப் பிறகும் அந்தக் கேள்வி காதில் விழுந்தால் மேஜைமேல் மணி இருக்கிறதா என்று பார்க்கிறேன்.

அப்பா ஈக்காட்டுத்தாங்கலில் ஒரு கம்பெனியில் ஃபோர்மேன். அந்தக் கம்பெனி ஒரு ஜெர்மன் கம்பெனியோடு கூட்டு வைத்துக்கொண்டது. அங்கேயிருந்து வரப்போகிற மெஷினைப் பிரித்து மாட்டப் பழகிக்கொண்டு வரவேண்டும் என்று அப்பாவை அனுப்பினார்கள். இரண்டு வருஷம். கொஞ்ச நாள் கழித்துக் குடும்பத்தையும் கூட்டிக்கொள்ளலாம் என்று பேச்சு. அப்பா ஒரு மே மாதம் மீனம்பாக்கத்தில் கம்பளிச் சட்டையோடு வியர்த்து வழிந்துகொண்டே விமானம் ஏறினார். மயிலாப்பூர் மாடி வீட்டில் அம்மாவும் நானும் சித்தப்பாவும் மிஞ்சினோம்.

சித்தப்பாவை இங்கே அறிமுகப்படுத்திவிட வேண்டும். அப்பாவின் தம்பி. கல்யாணம் ஆகாதவர். பாண்டி பஜாரில் ஒரு மாடியில் இருந்த டிராவல்ஸ் ஆபீசில் டிக்கெட் எழுதிக் கொடுக்கும் வேலை. வானத்தை நோக்கி அவர் ஏறிய அதிகபட்ச உயரம் அந்த மாடிதான். ஆனால் எந்த நாட்டு விமான நிலையத்தில் எந்தப் பக்கம் கழிவறை என்று கேட்டாலும் யோசிக்காமல் பதில் சொல்வார்.

ஒரு நாள் ராத்திரி சாப்பாட்டில் ரசம் சாதத்தைப் பிசைந்துகொண்டே சொன்னார்: "அண்ணி, சும்மா போயிட முடியாது. விசாவுக்கு முன்னாடி ஜெர்மன்ல பரீட்சை எழுதணும். பெரியவங்களும் எழுதணும், பசங்களும் எழுதணும். அங்க ஏர்போர்ட்ல வேற ஒரு தடவை கேப்பான்."

"என்ன கேப்பான்?" என்றேன் நான்.

"சாமானைக் காட்டி ஆணா பெண்ணான்னு கேப்பான். அவங்க ஊர்ல மேஜை, கரண்டி எல்லாத்துக்கும் உண்டு. தப்பா சொன்னா ரிடர்ன் ஃபிளைட்."

அம்மா சித்தப்பாவை ஒரு நிமிஷம் பார்த்தாள். "நிஜமாவா தம்பி?" என்று கேட்டாள்.

"நான் என்ன அண்ணி, பொய்யா சொல்லப்போறேன்? தெனம் இதே வேலையா இருக்கேன்."

அம்மா மோர் ஊற்றினாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அத்தை வந்தாள். அப்பாவின் அக்கா. இரண்டு தெரு தள்ளி வீடு. எங்கள் வீட்டில் எது நடந்தாலும் அது அத்தையிடம் ஒருமுறை போய் வந்தால்தான் நடந்ததாகக் கணக்கு. அதற்கு முந்தைய வருஷம் அம்மா டைப்ரைட்டிங் வகுப்புக்குப் போகட்டுமா என்று கேட்டிருந்தாள். "எதுக்கு?" என்று அத்தை கேட்டாள். அப்பாவும் திரும்பி, "ஆமா, எதுக்கு?" என்றார். டைப்ரைட்டிங் அத்தோடு முடிந்தது. அம்மாவிடம் அந்தக் கேள்விக்குப் பதில் இல்லாமல் இல்லை, சபையில் எடுபடுகிற பதில் இல்லை. இது எனக்கு இப்போது தெரிகிறது. அன்றைக்கு எனக்குத் தெரிந்ததெல்லாம் டைப்ரைட்டர் வந்தால் அதில் என் பெயரை அடித்துப் பார்க்கலாம் என்று நினைத்தேன், அது போயிற்று என்பதுதான்.

இந்த முறை அம்மா, "சனிக்கிழமை சனிக்கிழமை அடையாறுல ஜெர்மன் வகுப்பு நடக்குது அண்ணி. விசாவுக்கு வேணுமாம்" என்றாள்.

விசாவை எதிர்த்து என்ன பேசுவது என்று அத்தைக்குத் தெரியவில்லை. அந்தக் கோபத்தை என் பக்கம் திருப்பினாள். "இவன் பாஸ் பண்ணுவானா? கணக்குலயே முக்கிக்கிட்டு இருக்கான். பாஸ் ஆகலேன்னா நீ கவலைப்படாதே. நீ உன் புருஷன்கிட்ட போ. இவனை எங்கிட்ட விட்டுடு. ரெண்டு வருஷத்துல ஆளாக்கிக் காட்டறேன்."

நண்பர்களே, என் கதையின் பயம் இந்த இடத்தில் பிறக்கிறது. அத்தை கெட்டவள் இல்லை. ஆனால் அத்தை வீட்டில் ரேடியோவுக்கு உறை போட்டிருக்கும், அதைக் கழற்றக் கூடாது. சனிக்கிழமை விளக்கெண்ணெய். மற்ற நாளில் பாகற்காய். ராத்திரி எட்டுக்கு விளக்கை அணைத்துவிட்டு, "தூங்கிட்டியா?" என்று அரை மணிக்கு ஒருமுறை எழுப்பிக் கேட்பாள். டேபிள் ஃபேனின் பால் தெரியாத காரணத்துக்காக நான் அங்கே இரண்டு வருஷம் இருக்கவேண்டும்.

இப்படியாக அம்மாவும் நானும் ஒரே வகுப்பில் சேர்ந்தோம். பெற்ற தாயோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்தவர்கள் நம் கோஷ்டியில் வேறு யாராவது இருந்தால் சொல்லுங்கள். அவள் என் பென்சிலை வாங்கிக்கொள்வாள். நான் அவள் பேனாவைத் தொட்டால் அடிப்பாள்.

அடையாறில் டீச்சருடைய வீட்டு மாடியில் வகுப்பு. டீச்சர் நம்ம ஊர்க்காரர்தான், ஜெர்மனியில் வெகுநாள் இருந்துவிட்டு வந்தவர். குட்டை முடி, பருத்திப் புடவை, காலில் கருப்பு ஷூ. பாலில்லாத காபி குடிப்பார், அந்த வாசனை மாடிப்படியிலேயே ஆரம்பித்துவிடும். முதல் நாளே கரும்பலகையில் மூன்று சொல் எழுதினார். டெர், டீ, டாஸ். ஒவ்வொரு பெயர்ச்சொல்லுக்கும் முன்னால் இந்த மூன்றில் ஒன்று வரும். டெர் ஆணுக்கு, டீ பெண்ணுக்கு, டாஸ் இரண்டும் இல்லாததுக்கு.

டீ பெண்ணுக்கு என்பது எனக்கு உடனே பிடிபட்டது. நம் தெருவிலும் அப்படித்தான் கூப்பிடுகிறார்கள். மேஜைக்கு டெர் என்றபோதுதான் மேஜையைக் குனிந்து பார்த்தேன். கதவு டீ. ஜன்னல் டாஸ். கரண்டி ஆண், முள்கரண்டி பெண், கத்தி இரண்டும் இல்லை. ஒரே டப்பாவில் ஒன்றாகக் கிடக்கிற சாமான்கள்.

"ஏன் மேடம்?" என்று கேட்டேன்.

"ஏன்னு கேக்கக் கூடாது. மனப்பாடம் பண்ணணும்" என்றார் டீச்சர்.

எங்கள் வகுப்பில் ஒரு பாய் இருந்தார். பெரியமேட்டில் தோல் வியாபாரம். ஜெர்மனிக்குச் சரக்கு அனுப்புகிறவர். நல்ல அத்தர் வாசனை. அவருக்குப் பயமே இல்லை.

"இதுல என்ன தம்பி அதிசயம்? நம்ம உருதுல மேஜை பொம்பளை, கதவு ஆம்பளை. எங்க வூட்டு மூணு வயசுப் புள்ளைக்குத் தெரியும்."

"ஆனா ஜெர்மன்ல மேஜை ஆம்பளை, கதவு பொம்பளை, பாய்."

"அதான் சுலுவா போச்சு. உருதுல நெனைக்கறேன், அப்பிடியே திருப்பிப் போடறேன். முக்கால்வாசி சரியா வருது."

"மீதிக் கால்வாசி?"

"வியாபாரத்துல அந்தக் கால்வாசி எப்பவும் போறதுதான்."

எனக்குத் திருப்பிப் போட ஒன்றும் இல்லை. தமிழ் எனக்குச் சொல்லிக் கொடுத்தது, உயிரில்லாததெல்லாம் அஃறிணை, அதோடு விஷயம் முடிந்தது என்றுதான். அந்த நிம்மதியின் அருமை அதை இழந்த பிறகுதான் தெரிந்தது.

இன்னொரு நாள் டீச்சர் 'சின்னப் பெண்' என்பதற்கு டாஸ் என்று எழுதினார். கல்யாணமான பெண்ணுக்கு டீ. அன்றைக்கு அம்மா முதல்முறையாக வகுப்பில் வாயைத் திறந்தாள். "அப்ப கல்யாணம் ஆனாத்தான் பொம்பளைன்னு கணக்குல சேத்துக்குவாங்களா மேடம்? இதைக் கத்துக்க இவ்ளோ தூரம் பஸ்ல வரணுமா?" என்றாள். டீச்சர் சாக்பீஸை வைத்துவிட்டுச் சிரித்தார். பாய் மேஜையைத் தட்டிச் சிரித்தார். அம்மா பேசி அவ்வளவு பேர் சிரித்து நான் அதற்குமுன் பார்த்ததில்லை. எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஒரு புது வார்த்தை கூடிவிட்டதே என்று இருந்தது.

சனிக்கிழமைகளை இப்போது நினைத்தால் அம்மாவின் மாம்பழ நிற நைலக்ஸ் புடவை முதலில் வருகிறது. அடுத்து அவளுடைய வயர்கூடை, பச்சையும் வெள்ளையும் கலந்து அவளே பின்னியது. எந்த வீடு மாற்றியபோது தொலைந்தது என்று தெரியவில்லை. போகும்போது பட்டினப்பாக்கம் பக்கம் பஸ் திரும்பினால் மீன் வாசனை ஜன்னல் வழியாக ஏறி எங்கள் மடியில் உட்காரும். அம்மா மூக்கை மூடமாட்டாள். வார்த்தைகளை முணுமுணுத்துக்கொண்டே வருவாள். திரும்பும்போது அடையாறு பஸ் நிறுத்தத்துக்கு எதிரே ஓர் ஓட்டலில் ரவா தோசை. அப்பா இல்லாமல் அம்மா ஓட்டலுக்குள் நுழைந்தது அந்த வருஷம்தான். முதல் தடவை வாசலிலேயே நின்று உள்ளே பெண்கள் இருக்கிறார்களா என்று பார்த்தாள். நாலைந்து வாரத்தில், "முறுவலா போடச் சொல்லுங்க" என்று சர்வரிடம் சொல்கிற அளவுக்கு வந்துவிட்டாள். நான் தோசையைப் பிய்த்துக்கொண்டே தட்டு ஆணா பெண்ணா என்று யோசித்துக்கொண்டிருந்தேன். தட்டு ஆண். டம்ளர் டாஸ். ருசி தெரியவில்லை.

அப்பா ஞாயிற்றுக்கிழமைகளில் கீழே வீட்டுக்காரர் வீட்டு ஃபோனுக்குப் பேசுவார். அம்மா ஓடிப்போய்ப் பேசுவாள். கடைசியில் என் கையில் ரிசீவர் வரும்போது, "நல்லா படிக்கிறியா?" என்று ஒரு குரல் கிணற்றுக்குள்ளிருந்து கேட்கும். "படிக்கிறேம்ப்பா" என்பதற்குள் கட்டாகிவிடும். பரீட்சையைப் பற்றி அப்பாவிடம் ஒரு வார்த்தை கேட்க எனக்கு வழியே இருக்கவில்லை.

விபூதி விஷயத்துக்கு வருகிறேன். வீட்டுச் சாமான்கள்மேல் மூன்று நிறத்தில் காகிதம் ஒட்டிவையுங்கள், பார்க்கப் பார்க்க மனத்தில் நிற்கும் என்று டீச்சர் சொல்லியிருந்தார். நான் ஒட்டினேன். மயிலாப்பூர் ஈரக்காற்றில் காகிதமெல்லாம் மறுநாள் தரையில் கிடந்தது. பெருக்குகிறபோது கட்டிலும் கடிகாரமும் ஒரே முறத்தில் போயின. அம்மா கொஞ்சம் யோசித்துவிட்டு சாமி அலமாரியிலிருந்து மூன்று கிண்ணங்களை எடுத்து என்னிடம் கொடுத்தாள்.

"ஆம்பளைக்கு விபூதி. பொம்பளைக்குக் குங்குமம். ரெண்டும் இல்லாததுக்குச் சந்தனம். சந்தனம் எல்லாருக்கும் பொது."

அடுத்த அரைநாளில் வீட்டையே முடித்துவிட்டோம். மேஜைக்குப் பட்டையாக விபூதி. அலமாரிக்கு, ஃப்ரிட்ஜுக்கு, நாற்காலிக்கு விபூதி. கதவுக்கு, கடிகாரத்துக்கு, விளக்குக்குக் குங்குமம். ஜன்னலுக்கும் கட்டிலுக்கும் ரேடியோவுக்கும் சந்தனம். எனக்கு முதல்முறையாக நெஞ்சிலிருந்த பாரம் கொஞ்சம் இறங்கியது. ஏர்போர்ட் அதிகாரி மேஜையைத் தட்டினால் போதும். அதன் நெற்றியில் மூன்று பட்டை தெரியும். "டெர்" என்று சொல்லிவிட்டு அப்பாவிடம் ஓடிவிடலாம்.

மற்றவர்களுக்கு இது புரியவில்லை. சிலிண்டர் கொண்டுவந்த ஆள் ஃப்ரிட்ஜைப் பார்த்துவிட்டு நின்றார். "இன்னாம்மா, பொட்டிக்கு ஒடம்பு சரியில்லியா? துண்ணூறு பூசிக்கீது."

"ஆம்பளைப்பா அது" என்றாள் அம்மா.

அவர் சிலிண்டரை மாட்டிவிட்டு, காலிச் சிலிண்டரை எடுத்துக்கொண்டு வேகமாக இறங்கிப் போனார். அவர்தான் கீழே போய்ச் சொல்லியிருக்கவேண்டும். சாயங்காலம் வீட்டுக்காரர் மேலே வந்தார். கதவில் இருந்த குங்குமத்தையே பார்த்துக்கொண்டு, "தப்பா நினைச்சுக்காதீங்கம்மா. குடித்தனக்காரங்க என்ன பூஜை பண்ணினாலும் நான் கேக்கறதில்ல. ஆனா இந்த மாந்திரீகம் மாதிரி ஏதாவது..." என்று இழுத்தார்.

"அதெல்லாம் இல்லீங்க. ஜெர்மன்."

"ஓகோ" என்றார் அவர். புரியாமல்தான் போனார், ஆனால் அதற்குப் பிறகு ஃபோன் வந்தால் கூடுதல் மரியாதையோடு கூப்பிட்டார்.

புரட்டாசியில் பரீட்சைத் தேதி சொன்னார்கள். பரீட்சைக்கென்று ஒரு ஜெர்மன்காரர் வெளியூரிலிருந்து வருகிறார். அவருக்கு எந்த நாள் ஒழிகிறதோ அந்த நாள். நம்ம காலண்டரை யாரும் அவரிடம் காட்டவில்லை. தேதியைப் பார்த்ததும் அம்மா, "ஐயோ, விஜயதசமியாச்சே" என்றாள். டீச்சர், "நல்ல நாள்தானே?" என்றார்.

விஜயதசமி நல்ல நாள்தான். அதற்கு முந்தைய நாள்தான் பிரச்சினை. சரஸ்வதி பூஜையன்றைக்குப் புத்தகங்களை அடுக்கிச் சாமிக்கு முன்னால் வைத்துவிட்டால் மறுநாள் காலை பூஜை செய்து எடுக்கும்வரை யாரும் ஓர் எழுத்துப் படிக்கக் கூடாது. வேறு எந்த வருஷமும் நான் இதை ஆட்சேபித்ததில்லை. பஞ்சாங்கத்திலேயே எனக்கு மிகவும் பிடித்த நாள் அது. அந்த வருஷம் மட்டும் பரீட்சைக்கு முந்தைய நாள் முழுவதும் புத்தகம் சரஸ்வதியிடம் சிறைப்பட்டிருக்கும் என்று தெரிந்ததும் எனக்குப் பேதி கண்டது. மிகைப்படுத்தவில்லை. சித்தப்பா மாத்திரை வாங்கிவந்தார். அதை விழுங்குவதற்கு முன் மாத்திரை டீயா டாஸா என்று யோசித்தேன்.

போகட்டும், புத்தகம் இல்லாவிட்டால் என்ன, சாமான்கள் இருக்கின்றன என்று என்னை நானே தேற்றிக்கொண்டேன். அன்று பூரா வீட்டைச் சுற்றி நடந்தால் போதும். எழுத்து ஒன்றும் படிக்கப்போவதில்லை, நெற்றிகளைத்தான் பார்க்கப்போகிறேன்.

சரஸ்வதி பூஜைக்கு முந்தைய நாள் சாயங்காலம் நான் கடைக்குப் பொரி வாங்கப் போனேன். பண்டிகைக் கூட்டம். பூசணிக்காய் வண்டிகள், வாழைக்கன்று, கதம்பம். பொரிக்காரரிடம் நிற்கும்போதும் மனம் ஓயவில்லை. பூ டீ. பழம் டீ. தராசு டீ. திரும்பி மாடிப்படி ஏறும்போதே ஈரத்துணி வாசனை வந்தது. கதவு பளபளவென்று இருந்தது. குங்குமம் இல்லை.

உள்ளே அத்தை இடுப்பில் புடவையைச் செருகிக்கொண்டு ஃப்ரிட்ஜைத் துடைத்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் வாளி. தண்ணீர் சாம்பல் கலந்த சிவப்பாக இருந்தது. என் பரீட்சை அந்த வாளிக்குள் இருந்தது.

"ஏண்டா, நல்ல நாளும் அதுவுமா ஒண்ணுக்கு விபூதி மட்டும், ஒண்ணுக்குக் குங்குமம் மட்டும், பாதிச் சாமானுக்கு வெறும் சந்தனம். எந்த வூட்டு வழக்கம் இது? உங்கம்மாவுக்குத்தான் நேரம் இல்ல. எனக்கென்ன, எல்லாத்துக்கும் ஒழுங்கா வெச்சுடறேன்."

"அத்தை, வேணாம் அத்தை. நாளன்னிக்குப் பரீட்சை."

"அதுக்குத்தாண்டா சொல்றேன். ஆயுத பூஜைக்குச் சாமானை மூளியா விடக்கூடாது."

அன்று ராத்திரியும் மறுநாள் காலையும் அத்தை ஒன்றையும் விடவில்லை. மேஜை, கதவு, ஜன்னல், கரண்டி டப்பா, தையல் மெஷின், சித்தப்பாவின் சைக்கிள், டேப் ரிக்கார்டர், சாவிக்கொத்து எல்லாவற்றுக்கும் விபூதி, அதன்மேல் சந்தனம், அதன்மேல் குங்குமம். எங்கள் வீடு முழுக்க ஆணாகவும் பெண்ணாகவும் இரண்டும் இல்லாததாகவும் ஒரே சமயத்தில் நின்றது. நான் அம்மாவைத் தேடிக்கொண்டு சமையலறைக்கு ஓடினேன். அவள் சுண்டலுக்குத் தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள்.

"அம்மா, எல்லாம் அழிஞ்சு போச்சு."

"பாத்தேன்."

"நீ ஏம்மா ஒண்ணும் சொல்லல?"

"பூஜை அன்னிக்கு உங்கத்தைகிட்ட என்னடா சொல்லச் சொல்றே?" என்றாள். துருவலைத் தட்டினாள். பிறகு தாழ்ந்த குரலில், "துருவி யாரு?" என்று என்னையே கேட்டாள்.

எனக்குத் தெரியவில்லை. அவளுக்குத் தெரிந்தது. தேங்காய்ப் பாலேறிய விரலால் தன் நெற்றி நடுவே லேசாகத் தொட்டுக்கொண்டாள். குங்குமம்.

அன்று மத்தியானம் நான் சாமி அலமாரிக்கு முன்னால் உட்கார்ந்து அடுக்கின் கீழே இருந்த என் ஜெர்மன் புத்தகத்தின் முதுகை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன். அத்தை கடந்துபோகும்போது, "கண்ணால கூடப் படிக்காதே. சரஸ்வதியே ரெஸ்ட் எடுக்கற நாள், நீ படிச்சு என்ன கிழிக்கப்போறே" என்றாள். சித்தப்பா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "கவலைப்படாதடா. ஏர்போர்ட்ல அவனுக்கு ஒரு சாக்லெட் குடுத்தா விட்டுடுவான்" என்று ஆறுதல் சொன்னார். அதுவும் என்னைப் பயமுறுத்தியது. சாக்லெட்டை அவன் எந்தப் பாலில் வாங்கிக்கொள்வான்?

மறுநாள் காலை பூஜை முடிந்து புத்தகம் கைக்கு வந்தபோது பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. பஸ்ஸுக்கே சந்தனம் குங்குமம். முன்பக்கம் வாழைக்கன்று. டிரைவர் ஸ்டியரிங்கில் பூ. நான் எந்தச் சாமானைப் பார்த்தாலும் அது அத்தையின் கைவேலையாகத் தெரிந்தது.

ஜெர்மன்காரர் வாட்டசாட்டமாக, ரோஜா நிறத்தில் வியர்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மீசை இல்லை. மணியும் இல்லை. நான் கவனித்தேன். எழுத்துப் பரீட்சை என்று இருந்தது, அதைப் பற்றிப் பேச விரும்பவில்லை. பிறகு ஒவ்வொருவராகக் கூப்பிட்டார். அறையில் இருந்த பொருள்களை விரலால் காட்டுவார். நாம் டெர், டீ, டாஸோடு பெயரைச் சொல்லவேண்டும். சித்தப்பா சொன்ன அதே பரீட்சை. வாழ்க்கையில் அவர் சொன்னதில் அதுவரை சரியாக இருந்தது இது ஒன்றுதான்.

பாய் முதலில் போனார். கேள்வி வந்ததும் கண்ணை மூடுவார், உதடு உருதுவில் அசையும், கண்ணைத் திறந்து திருப்பிப் போட்டுச் சொல்வார். முக்கால்வாசி சரியாக வந்தது. போய் உட்காரும்போது என்னைப் பார்த்துக் கண்ணடித்தார்.

அம்மா போனாள். ஜெர்மன்காரர் மேஜையைத் தொட்டார். அம்மா வலது கையின் மூன்று விரலை நெற்றியில் குறுக்காக இழுத்துவிட்டு, "டெர்" என்று ஆரம்பித்துச் சொன்னாள். கதவைக் காட்டினார். நெற்றி நடுவே ஒரு விரல். "டீ." ஜன்னலைக் காட்டினார். கழுத்துக் குழியில் சந்தனம் தடவுகிற மாதிரி. "டாஸ்." நாற்காலி, விளக்கு, புத்தகம், கடிகாரம். கை போய்க்கொண்டே இருந்தது. அவர் காட்டுகிற வேகம் கூடியது, அவள் கையும் கூடியது. அந்த மனிதர் எழுதுவதை நிறுத்திவிட்டு அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். ஏதோ பிரார்த்தனை என்று நினைத்திருக்கவேண்டும். கடைசியில் எழுந்து நின்று குனிந்து வணக்கம் சொன்னார்.

என் முறை வந்தது. அவர் மேஜையைத் தட்டினார். இத்தனை மாதமாக நான் எதிர்பார்த்திருந்த அதே தட்டு. என் கண்ணுக்கு முன்னால் எங்கள் வீட்டு மேஜை வந்தது. விபூதி இருந்தது. அதன்மேல் சந்தனம் இருந்தது. எல்லாவற்றுக்கும் மேலே, பளிச்சென்று, அத்தை வைத்த குங்குமம்.

"டீ" என்றேன்.

ஜன்னலைக் காட்டினார். குங்குமம். "டீ." நாற்காலி. குங்குமம். "டீ." அவர் பிரம்மாண்டமான விரல் எங்கெல்லாம் போனதோ அங்கெல்லாம் அத்தை முன்னாலேயே போய்விட்டிருந்தாள். கடைசியில் அவர் கதவைக் காட்டினார். அது ஒன்றுதான் சரி. அதைச் சொல்லும்போது என் குரல் அழுகையில் உடைந்துவிட்டதால் அதையும் அவர் கணக்கில் எடுத்துக்கொண்டாரா தெரியாது.

டீச்சர் வாசலில் வைத்தே முடிவைச் சொன்னார். அம்மா தேறிவிட்டாள், வகுப்பிலேயே அதிக மார்க். எனக்கு மார்ச்சில் இன்னொரு தடவை. அம்மா சுண்டல் டப்பாவை ஜெர்மன்காரரிடம் நீட்டினாள். அவர் மிளகாயைக் கடித்துவிட்டுத் தண்ணீர் கேட்டார். தண்ணீர் டாஸ். அந்த நேரத்தில் எனக்கு அது தெளிவாக நினைவு வந்தது.

திரும்பும்போது ரவா தோசை சாப்பிடவில்லை. எனக்கு இறங்காது என்று அம்மாவுக்குத் தெரிந்திருந்தது. பஸ் பாலத்தைத் தாண்டும்போது கேட்டேன்.

"நீ போயிடுவியாம்மா?"

"எங்கடா?"

"ஜெர்மனிக்கு. நீ பாஸாயிட்டியே."

அம்மா என்னைப் பார்த்தாள். ஏதோ சொல்ல வாயெடுத்தாள். பிறகு வெளியே பார்த்துக்கொண்டு என் தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டாள். "உன்னை விட்டுட்டு எங்க போவேன்? பேசாம வா" என்றாள்.

அதை நான் நம்பவில்லை. பெரியவர்கள் எல்லோரும் அப்படித்தான் சொல்வார்கள், பிறகு பாகற்காய் வரும். ஐப்பசி, கார்த்திகை, மார்கழி முழுவதும் நான் அத்தை வீட்டுக்குப் போகத் தயாராக இருந்தேன். ஒரு டிரங்குப் பெட்டியில் என் பம்பரம், கிழிந்த கிரிக்கெட் கையுறை, ஒரு டார்ச் எல்லாவற்றையும் அடுக்கிக் கட்டிலுக்கடியில் வைத்தேன். ராத்திரி எழுப்பினால் அத்தைமேல் அடிக்க டார்ச். அம்மா பெருக்கும்போது அந்தப் பெட்டியை நகர்த்தி, பெருக்கி, திரும்ப அதே இடத்தில் வைத்துவிடுவாள். ஒன்றும் கேட்கவில்லை. விளையாட்டுக்கு ஏதோ செய்கிறேன் என்று நினைத்திருக்கலாம். நான் தூங்காதது அவளுக்குத் தெரியாது.

பொங்கலுக்கு முந்தைய வாரம் அப்பா வந்து நின்றார். விடுமுறைக்கு இல்லை, மொத்தமாக. இரண்டு கம்பெனிக்கும் ஏதோ ஒத்துவரவில்லை, மெஷின் வரப்போவதில்லை, ஆளைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். கொஞ்சம் வெளுத்திருந்தார். ஆயுத பூஜையன்றைக்கு அங்கே யாருக்கும் தெரியாமல் மெஷினுக்கு ஒரு பொட்டு வைத்ததையும், அவர்கள் ஏதோ சிவப்புத் திரவம் கசிகிறதென்று நினைத்து மெஷினை நிறுத்திப் பிரித்துப் பார்த்ததையும் சொன்னார். "அதுக்காக அனுப்பல, அது வேற" என்று இரண்டு தடவை சொன்னார்.

எல்லோரும் கூடத்தில் உட்கார்ந்திருந்தோம். அத்தையும் வந்திருந்தாள். சித்தப்பா பெருமையாக, "அண்ணி பரீட்சையில ஃபர்ஸ்ட் வந்தாங்க, தெரியுமா? விசாவுக்கு எல்லாம் ரெடி" என்றார்.

"என்ன விசாவுக்கு?" என்றார் அப்பா.

"ஜெர்மன் பரீட்சை. குடும்பத்தோட போகணும்னா எழுதணும்ல?"

"எவன்டா சொன்னான் உனக்கு? பொண்டாட்டி புள்ளைக்கு அதெல்லாம் ஒண்ணும் வேணாம். அங்க எத்தனை பேர் குடும்பத்தோட இருக்காங்க, ஒரு வார்த்தை தெரியாது." அப்பா அம்மாவின் பக்கம் திரும்பினார். "போன உடனே ஃபோன்ல சொன்னேனே உங்கிட்ட. தேவையில்லைன்னு."

சித்தப்பா மேலே சுற்றாத ஃபேனை ஆராய்ந்தார். அத்தை அம்மாவைப் பார்த்தாள். நான் அம்மாவைப் பார்த்தேன். அம்மா அப்பா கொண்டுவந்திருந்த சாக்லெட் டப்பாவின் ஜிகினாத் தாளை நகத்தால் நீவிக்கொண்டிருந்தாள்.

"லைன் சரியா கேக்கலைங்க" என்றாள்.

மார்ச் மாதப் பரீட்சையை நான் எழுதவில்லை. டிரங்குப் பெட்டியை அப்பா பரண்மேல் போட்டார். எங்கள் வீட்டிலிருந்து அதற்குப் பிறகு யாரும் ஜெர்மனிக்குப் போகவில்லை. பொங்கல் கழிந்த சனிக்கிழமை அம்மா மாம்பழ நிறப் புடவையைக் கட்டிக்கொண்டு, வயர்கூடையை எடுத்துக்கொண்டு, அடையாறு பஸ்ஸில் ஏறினாள். அடுத்த சனிக்கிழமையும் போனாள்.